பழைய மரத்தில் ஒரு டீப்பாய்

வீட்டில் முதல்முறையாக மரவேலை செய்து பார்க்க நினைப்பவருக்கு டீப்பாயைவிடத் தோதான சாமான் கிடையாது. நாற்காலி என்றால் ஆள் பாரம் தாங்க வேண்டும், சாய்மானம் முதுகுக்கு ஒத்துவர வேண்டும். அலமாரி என்றால் கதவு, கீல், இழுப்பறை என்று வேலை நீண்டுகொண்டே போகும். டீப்பாய்க்கு நான்கு கால், நான்கு சட்டம், ஒரு மேற்பலகை போதும். ஆனாலும் மரவேலையின் அடிப்படைகள் அத்தனையும் இதற்குள் வந்துவிடுகின்றன. மரம் பார்த்து வாங்குவது, காய்ந்ததா என்று சோதிப்பது, மட்டம் பிடிப்பது, துளையும் நாக்கும் பொருத்துவது, மெருகேற்றுவது என எதுவும் விட்டுப்போகாது.

இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது கடையில் பளபளவென்று நிற்கும் டீப்பாய் அல்ல. இடித்த வீட்டின் உத்திரமும் நிலைக்காலும் கொண்டு, ஆணித்துளையும் கணுவும் வெயில் குடித்த நிறமும் தெரியச் செய்வது. இதில் இறங்குகிறவர்களிடம் ஒரு தப்பான எண்ணத்தை அடிக்கடி பார்க்கிறேன். கரடுமுரடான சாமான்தானே, வேலையும் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று நினைக்கிறார்கள். அப்படி இருக்கவே கூடாது. மேற்பரப்பில் எத்தனை வடு வேண்டுமானாலும் இருக்கட்டும். பொருத்தில் இடைவெளியும், காலில் ஆட்டமும், மரத்தில் ஈரமும் இருக்கக் கூடாது. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் சாமானுக்குத்தான் உள்வேலை சுத்தமாக இருக்க வேண்டும். குறையை மறைக்க அதில் வேறு பூச்சோ ஒட்டுப்பலகையோ கிடையாது.

அளவு

அளவை முடிவு செய்யாமல் மரவாடிப் பக்கம் போகாதீர்கள். சோபாவின் உட்காரும் உயரம் பெரும்பாலும் 16 முதல் 18 அங்குலம் இருக்கும். டீப்பாய் அதற்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்வாகவோ இருந்தால் கை இயல்பாகப் போய்வரும். பாய் விரித்துத் தரையில் உட்காரும் வீடென்றால் 12 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒன்றேகால் அடியாவது இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் போகிறவர் வருகிறவர் முழங்காலெல்லாம் அதில்தான் இடிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் நான்கடி டீப்பாய் போட்டால் நடக்க வழி இருக்காது. தரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்து ஒரு நாள் அதைச் சுற்றி நடமாடிப் பாருங்கள். கூடுதலா குறைவா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

நாம் எடுத்துக்கொள்ளும் அளவு இது: மேற்பலகை 36 அங்குல நீளம், 18 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். மொத்த உயரம் 16 அங்குலம். கால்கள் இரண்டரைக்கு இரண்டரை அங்குலம், ஒவ்வொன்றும் 14¾ அங்குல நீளம். கால்களை இணைக்கும் சட்டங்கள் 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். நீளச் சட்டம் இரண்டும் 29 அங்குலம், குறுக்குச் சட்டம் இரண்டும் 11 அங்குலம். இந்த நீளத்தில் இரு முனையிலும் ஒவ்வொரு அங்குலம் நாக்குக்குப் போய்விடும். பலகை நான்கு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

மரம் கன அடிக் கணக்கில்தான் விற்கிறது. நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. நம் டீப்பாய்க்குச் சுத்தமாக 0.83 கன அடி வருகிறது. அறுப்பிலும் இழைப்பிலும் போவதைச் சேர்த்து ஒன்றேகால் கன அடி வாங்குங்கள். பழைய மரத்தில் ஆணி விழுந்த இடங்களை வெட்டிக் கழிக்க வேண்டியிருக்கும் என்பதால் ஒன்றரை வாங்கினாலும் தப்பில்லை. நல்ல தேக்கில் செய்தால் முடிந்த டீப்பாய் 15 கிலோ அளவுக்கு நிற்கும். இருவர் தூக்கினால் சிரமமில்லை.

எந்த மரம், எங்கே கிடைக்கும்

இடித்த வீட்டு மரம் விற்கும் கடை எல்லா ஊரிலும் உண்டு. நிலை, சன்னல், கைமரம், உத்திரம் என்று குவித்து வைத்திருப்பார்கள். பழைய வீட்டுத் தேக்கில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் கிடந்து காய்ந்த மரம் அது. முறுக்கிக்கொள்வதும் வெடிப்பதும் எப்போதோ நடந்து முடிந்திருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கைத் தாராளமாகப் போட்டார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் அதன் தரத்தைத் தொட்டே பார்க்கலாம். ஆனால் அங்கே விலை மரத்துக்கு மட்டுமல்ல, வேலைப்பாட்டுக்கும் பழமைக்கும் சேர்த்துத்தான். டீப்பாய்க்கு வேண்டியது வெறும் மரம். செதுக்கு வேலை உள்ள கதவையோ போதிகையையோ வாங்கி அறுத்துவிடாதீர்கள். அந்த வேலையை இன்னொரு முறை செய்ய ஆள் கிடைப்பது அரிது. அது முழுதாக இருக்க வேண்டிய பொருள். செதுக்கில்லாத நிலைக்காலும் மொட்டைப் பலகையும் நமக்குப் போதும்.

பெயிண்ட் அடித்த மரத்தை வெறும் கண்ணால் இன்னதென்று சொல்ல முடியாது. கடைக்காரரிடம் கேட்டு ஓர் ஓரத்தைக் கத்தியால் சீவிப் பாருங்கள். “அண்ணே, இந்த மூலையில கொஞ்சம் சீவிப் பார்த்துக்கட்டுமா?” என்று கேட்டால் நேர்மையான கடைக்காரர் யாரும் மறுக்கமாட்டார். சீவிய இடம் பொன்னிறமாக, தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்காக, பதனிட்ட தோலின் வாடையோடு இருந்தால் தேக்கு. எடை அதிகமாகச் செந்நிறமாக இருந்தால் வேங்கை அல்லது வேறு கட்டை மரமாக இருக்கலாம். அதுவும் நல்லதுதான். ஆனால் கையால் இழைக்கத் தோள் வலிக்கும்.

தேக்குதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. பூவரசு டீப்பாய்க்கு அருமையான மரம். அதன் வைரம் அடர்பழுப்பாக, சில இடங்களில் ஊதா ஓடி, எண்ணெய் பூசினால் தேக்கையே தோற்கடிக்கும். வாகையும் அப்படித்தான். வேம்பு எளிதில் கிடைக்கும், இழைக்கவும் சுலபம். பலா மஞ்சளாக அறுபட்டு, வருடம் ஏற ஏறச் செம்பழுப்பாக மாறும். வீணை செய்யத் தேடும் மரம் அது என்பதே அதன் தரத்துக்குச் சாட்சி. மாமரம் மலிவு. ஆனால் வெள்ளைப் பகுதி உளுத்துப்போகும் என்பதால் மருந்து கொடுக்காமல் தொடாதீர்கள். கால்களுக்கு மட்டும் சீமைக்கருவேலத்தை எடுத்துப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. விறகென்று எரித்துக்கொண்டிருக்கிறோம். அதன் நெருங்கிய உறவான மெஸ்கிட் மரத்தில் அமெரிக்காவின் டெக்சாஸில் உயர்தரமான மேசைகள் செய்கிறார்கள். ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் அளவு மாறுவது அந்த மரத்தில் மிகக் குறைவு. நம் ஊர்ச் சீமைக்கருவேலம் கோணல்மாணலாகத்தான் வளரும். பதினைந்து அங்குலக் காலுக்கு நேரான துண்டு தேடினால் கிடைக்காமல் போகாது.

செலவே வேண்டாம் என்பவர்களுக்குத் தொழிற்பேட்டைகளில் கழித்துப்போடும் பேக்கிங் பெட்டி மரமும் பேலட்டும் இருக்கின்றன. பெரும்பாலும் பைன். வெளிநாட்டுச் சரக்கோடு வந்ததென்றால் கோதுமைக் கதிர் படத்துடன் ஒரு முத்திரை குத்தியிருக்கும். அதில் ‘ஹெச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றது என்று அர்த்தம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முத்திரையே இல்லாத, எண்ணெயோ ரசாயனமோ சிந்திக் கறைபட்ட பேலட்டும் வேண்டாம்.

எந்த மரமானாலும் வாங்குவதற்கு முன் மூன்று சோதனை. முதலாவது பூச்சி. பலகையை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள். குண்டூசித் துளைகளிலிருந்து மாவு மாதிரி தூள் விழுந்தால் உளு உயிரோடு இருக்கிறது. துளை மட்டும் இருந்து தூள் விழாவிட்டால் அது பழைய வடு, பயமில்லை. உளு உயிரோடு உள்ள மரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது டீப்பாயோடு நிற்காது, வீட்டுக் கதவுக்கும் போகும். இரண்டாவது முறுக்கு. பலகையின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை வரை பாருங்கள். லேசான வளைவை இழைத்துச் சரிசெய்யலாம். இறக்கை மாதிரி முறுக்கியதை இழைத்து முடிப்பதற்குள் பாதி மரம் சுருளாகப் போய்விடும். மூன்றாவது ஈரம். பழைய வீட்டு மரமென்றால் மழையில் நனைந்து கிடந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். புதிதாக அறுத்த மரமென்றால் பொறுமை வேண்டும்.

தோட்டத்தில் விழுந்த மரத்தை வாள்பட்டறையில் அறுத்து வைத்திருப்பவர்களுக்கு இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தானே, வர்தா, கஜா போன்ற புயல்களில் சாய்ந்த பலாவும் வேம்பும் பூவரசும் எத்தனையோ வீடுகளில் விறகாகப் போயின. அவற்றில் நல்ல பலகைகள் இருந்தன. அறுத்தவுடன் பலகையின் இரு முனைகளிலும் பழைய பெயிண்டையோ உருக்கிய மெழுகையோ பூசிவிடுங்கள். ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறுவதால்தான் அங்கே வெடிப்பு விழுகிறது. பிறகு நிழலில், தரையிலிருந்து அரையடி உயர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரே அளவு ரீப்பர் துண்டுகளைக் குறுக்கே வைத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை அந்த இடத்தில் தொய்யும். காய்ந்ததைத் தெரிந்துகொள்ள ஈரமானி வாங்க வேண்டியதில்லை. பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் ஒரே பலகையை மாதா மாதம் தூக்கி எழுதி வாருங்கள். எடை குறைவது நின்று, இரண்டு மூன்று மாதம் ஒரே எண் வந்தால் மரம் காற்றோடு சமாதானமாகிவிட்டது.

மரத்தைத் தயார் செய்தல்

பழைய மரத்தில் முதல் வேலை ஆணி எடுப்பது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டிப் பலகையின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணி இருந்தால் காந்தம் இழுக்கும். குறடுக்குப் பிடிபடும் ஆணியைப் பிடுங்குங்கள். பிடிபடாததை மறுபக்கம் தட்டி வெளியே தள்ளுங்கள். எதற்கும் மசியாத இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுங்கள். அந்த இடத்தில் ரம்பமோ இழைப்புளியோ படக் கூடாது. ஓர் ஆணி போதும், தீட்டி வைத்த இழைப்புளியின் வாய் போய்விடும்.

பழைய பெயிண்ட் இருந்தால் ஜாக்கிரதை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த ஈயம் தூளாகி வீடெங்கும் பரவும். குழந்தைகளுக்கு அது மூளையைப் பாதிக்கும் நஞ்சு. பெயிண்ட் ரிமூவர் பூசி, இளகியதும் தகட்டால் வழித்து, வழித்ததைக் காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்துங்கள். வேலையை வெளியில் செய்யுங்கள், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அடுத்தது மட்டம். பலகையின் இரு முனையிலும் நேரான இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பையும் மற்றதன் மேல்விளிம்பையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒரு மூலை தூக்கித் தெரிந்தால் அதையும் அதற்குக் குறுக்கு மூலையையும் மட்டும் இழையுங்கள். இழைப்புளியை மூலைவிட்டமாக ஓட்டினால் மேடு சீக்கிரம் கரையும், பிறகு நீளவாக்கில் ஓட்டிச் சுத்தம் செய்யலாம். மேற்பக்கத்தை முழுக்க இழைத்துப் பழைய நிறத்தை எடுத்துவிட வேண்டாம். மேட்டை மட்டும் எடுங்கள், பள்ளத்தில் கிடக்கும் கருமை அப்படியே இருக்கட்டும். அந்த நிறம் ஒரு தடவை போனால் எந்தச் சாயம் பூசினாலும் திரும்பி வராது.

மேற்பலகை

18 அங்குல அகலத்தில் ஒரே பலகை கிடைப்பது அபூர்வம். 6 அங்குலப் பலகை மூன்றை ஒட்டிக்கொள்ளலாம். மூன்றையும் தரையில் போட்டு, இடம் மாற்றி, புரட்டி, ரேகை ஓட்டம் கண்ணுக்கு ஒத்துவரும் வரை பாருங்கள். பிடித்த வரிசை அமைந்ததும் மேலே குறுக்கே ஒரு பெரிய முக்கோணம் பென்சிலால் வரைந்துவிட்டால் பிறகு வரிசை மாறாது.

ஒட்டும் விளிம்பு நேராக இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பலகை இரண்டைப் புத்தகம் மூடுவதுபோல் மடித்து, இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டத்தில் இழையுங்கள். இழைப்புளி சற்றே சாய்ந்திருந்தாலும் ஒன்றில் கூடிய கோணம் மற்றதில் குறைந்து, விரித்து வைக்கும்போது இரண்டும் சரியாகச் சேர்ந்துவிடும். ஆசாரிகள் சர்வ சாதாரணமாகச் செய்யும் வேலை இது, புதிதாகக் கற்பவருக்கோ பெரிய துணை. பிறகு ஒன்றின்மேல் ஒன்றை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்கும் ஒளிக்கீற்று தெரியக் கூடாது.

பசைக்கு ஃபெவிகால் போதும். தண்ணீர் அடிக்கடி சிந்தும் என்றால் அதிலேயே தண்ணீர் தாங்கும் வகையை வாங்குங்கள். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் ஒட்டாதீர்கள், பலகையைச் சேர்ப்பதற்குள் பசை ஏடு கட்டிவிடும். காலை நேரமும் நிழலும் நல்லது. கிளாம்ப் இல்லாதவர்கள் ஒரு பழைய பலகையின் மேல் இரண்டு ரீப்பர்களை 19 அங்குல இடைவெளியில் ஆணியடித்து, நடுவே பலகைகளை வைத்து, மிச்ச இடத்தில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளைச் செருகித் தட்டலாம். கிளாம்புக்குச் சமமாக இறுகும். பலகை மேலெழும்பாமல் இருக்க மேலே பாரம் வையுங்கள். விளிம்பு நெடுகிலும் பசை மணிமணியாக வெளியே வந்தால் போதுமான அளவு பூசியிருக்கிறீர்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

பழைய பலகையில் முனையிலிருந்து உள்ளே ஓடும் வெடிப்பு இருக்கும். அதைப் பட்டி வைத்து மறைத்தால் அடுத்த கோடையில் பட்டி உதிர்ந்துவிடும். வெடிப்பின் குறுக்கே உடுக்கை வடிவில் ஒரு கட்டையைப் பதியுங்கள். நடுவில் இடுப்பு குறுகி இரு பக்கமும் விரிந்திருப்பதால் வெடிப்பு மேலும் திறக்க முடியாமல் அது பூட்டிவிடும். கட்டையை முதலில் செய்து, வெடிப்பின் மேல் வைத்து, கூரான கத்தியால் சுற்றிலும் கோடு கீறி, அந்தக் கோட்டுக்குள் உளியால் 4 நூல் ஆழத்துக்குக் குடைந்து பசை தடவி இறக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 8 நூல் என்ற கணக்குத் தெரிந்ததுதான். கட்டையின் ரேகை வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். நேராக வைத்தால் இடுப்பிலேயே ஒடிந்துவிடும். பூவரசின் கரும்பழுப்பை வேம்பில் பதித்தால் பார்க்கவும் எடுப்பாக இருக்கும்.

காலும் சட்டமும்

காலையும் சட்டத்தையும் ஸ்க்ரூ போட்டு இணைப்பது விரைவான வழி. நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். டீப்பாயைத் தூக்கிவைக்காமல் இழுப்பதுதான் எல்லார் வீட்டிலும் வழக்கம். ஒவ்வோர் இழுப்பிலும் ஸ்க்ரூவைச் சுற்றி மரம் நசுங்கிக்கொண்டே வந்து, ஓரிரு வருடத்தில் கால் ஆட ஆரம்பிக்கும். காலில் துளையும் சட்டத்தில் நாக்கும் வெட்டிப் பொருத்தினால் அந்தக் கவலை இல்லை.

நாக்கின் கனம் 3 நூல், நீளம் 1 அங்குலம். சட்டத்தின் 3 அங்குல அகலத்தில் மேலே அரை அங்குலமும் கீழே கால் அங்குலமும் விட்டு, இரண்டேகால் அங்குல அகலத்துக்கு நாக்கு வெட்டுங்கள். மேலே அரை அங்குலம் விடாவிட்டால் காலின் தலை பிளந்துகொள்ளும். காலில் துளையை முகத்தின் நடுமையத்தில் வையுங்கள். இரண்டு பக்கத்திலிருந்து வரும் துளைகள் உள்ளே முட்டிக்கொள்ளுமோ என்று தோன்றும். இரண்டரை அங்குலக் காலில் ஓர் அங்குல ஆழத்துக்கு முட்டாது.

எப்போதும் துளையை முதலில் அடியுங்கள், நாக்கைப் பிறகு வெட்டுங்கள். துளையின் அளவை மாற்றுவது கஷ்டம், நாக்கைச் சீவுவது எளிது. ட்ரில்லிங் மிஷினில் 3 நூல் பிட் போட்டு வரிசையாகத் துளையிட்டு, மிச்சத்தை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு நேராக்குங்கள். பிட்டில் ஓர் அங்குலத்தில் காகித டேப் ஒட்டிக்கொண்டால் ஆழம் மீறாது. நாக்கைக் கோட்டுக்கு வெளியே அறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக் கூடாது. சுத்தியலால் அடித்தால்தான் போகும் என்றால் இன்னும் சீவ வேண்டும்.

பசை இல்லாமல் முழுக்க ஒரு தரம் கூட்டிப் பாருங்கள். பிறகு பசை போட்டு முதலில் குறுக்குச் சட்டங்களை இரண்டிரண்டு கால்களோடு சேர்த்து, காய்ந்த பின் நீளச் சட்டங்களை மாட்டுங்கள். சதுரம் பார்க்க மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் இரு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். கால்களின் வெளிமூலைக்கு வெளிமூலை 34 அங்குலம் 7 நூலுக்குச் சற்று மேல் வரும். எண் எதுவானாலும் இரண்டும் ஒன்றாக இருந்தால் சதுரம். கூடிய பக்கத்தை உள்நோக்கி அழுத்தினால் சரியாகும். காய்ந்ததும் காலும் நாக்கும் சேர்த்து 2 நூல் துளையிட்டு மூங்கில் ஆணி அறைந்துவிடுங்கள். பழைய வீட்டுக் கதவுகளில் பார்த்திருப்பீர்கள். பசை போன பிறகும் மூங்கில் ஆணி பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆட்டம் இருந்தால் நான்கு காலையும் மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டே போக வேண்டாம். கடப்பாக்கல் போன்ற சமமான தளத்தில் நிறுத்தி, குட்டையான காலுக்கு அடியில் அட்டைத் துண்டு செருகி ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒரு சின்ன மரக்கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, அதே உயரத்தில் நான்கு கால்களையும் சுற்றிக் கோடு இழுத்து, கோட்டோடு அறுத்துவிடுங்கள்.

பலகையை மாட்டும் விதம்

வீட்டில் செய்யும் டீப்பாய்களில் அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். மேற்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள், அல்லது நாலு மூலையிலும் இறுக ஸ்க்ரூ போட்டுவிடுகிறார்கள். மரம் உயிரோடு இல்லாவிட்டாலும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், விடும். நீளவாக்கில் அது அசையாது என்றே சொல்லலாம். அகலவாக்கில் அசையும். 18 அங்குல அகலத் தேக்குப் பலகை ஐப்பசி மழைக்கும் கத்திரி வெயிலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூல் வரை மாறும். மற்ற பல மரங்களில் இதைவிடவும் கூடும். மதுரை, திருச்சி போன்ற உள்மாவட்டங்களில் கோடைக்காற்று நன்றாக வறண்டுவிடுகிறது. கடலோரத்தில் அவ்வளவு வறட்சி இல்லை, ஆனால் ஏ.சி. அறையில் வைத்தால் அங்கும் அதே கதைதான். சுருங்க வழியில்லாத பலகை நடுவில் பிளக்கும். விரிய வழியில்லாதது மேல்நோக்கி வளையும். ஒரு நூல் அசைவுக்கு வழிவிடாததால் நல்ல மரம் பாழாகிறது.

வழிவிடுவதற்கு மரக்கொக்கி வைப்பதுதான் சிறந்த முறை. முக்கால் அங்குலக் கனத்தில், ஒன்றரை அங்குல நீள அகலத்தில் சின்னக் கட்டைகள் எட்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் மேலிருந்து மூன்றரை நூல் ஆழம், 3 நூல் நீளம் வெட்டி எடுத்தால் கீழே ஒரு நாக்கு மிஞ்சும். சட்டங்களின் உட்பக்கத்தில், மேல்விளிம்பிலிருந்து 4 நூல் கீழே, 3 நூல் ஆழமும் 3 நூல் உயரமுமாகக் காடி வெட்டுங்கள். இதைக் காலையும் சட்டத்தையும் கூட்டுவதற்கு முன்பே செய்துவிடுவது சுலபம். நீளச் சட்டத்துக்கு மூன்று மூன்று, குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஒவ்வொன்று.

கொக்கியின் நாக்கைக் காடிக்குள் 2 நூல் மட்டும் நுழைத்து, கட்டையைப் பலகையின் அடியோடு ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூவால் இறுக்குங்கள். காடி 4 நூலிலும் கொக்கியின் வெட்டு மூன்றரை நூலிலும் இருப்பதால், ஸ்க்ரூ இறுக இறுகக் கொக்கி பலகையைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும். முழுதும் நுழைக்காமல் விட்ட ஒரு நூல், பலகை விரியவும் சுருங்கவும் இடம். குறுக்குச் சட்ட நடுவிலுள்ள இரண்டு கொக்கிகளுக்கு மட்டும் காடி பக்கவாட்டில் சிக்கென்று இருக்கட்டும். அப்போது பலகையின் நடு அசையாமல் நின்று, அசைவு இரு பக்கமும் சரிபாதியாகப் பிரியும். ஸ்க்ரூ நீளத்தை மாட்டும் முன் ஒரு முறை அளந்துவிடுங்கள். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போட்டால் மேற்பக்கம் குத்திக்கொண்டு வரும் அபாயம் உண்டு.

மெருகு

உப்புத்தாள் 80, 120, 180, 220 என்ற வரிசையில், எப்போதும் ரேகையோடு. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணைத் தாண்டிக் குதிக்காதீர்கள், முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள். விளிம்புகளின் கூரை விரலுக்கு உறுத்தாத அளவு மழுக்கிவிடுங்கள், தவழும் பிள்ளையின் நெற்றி படும் உயரம் அது.

பூச்சு எதுவென்று தேர்வதில் உங்கள் வீட்டுப் பழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். பிரெஞ்சு பாலிஷ் அழகுதான், ஆனால் அது அரக்கு. சூடான டபராவை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். காபி குடிக்கும் டீப்பாய்க்கு அது ஒத்துவராது. மேட் பாலியூரித்தேன் சூட்டையும் தண்ணீரையும் தாங்கும், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. ஆனால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்துவது சிரமம். பழைய மரத்துக்கு என் தேர்வு இருமுறை காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் அதன்மேல் தேன்மெழுகும். பெயிண்ட் கடையில் டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவார்கள். துணியால் தாராளமாகப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று முறை. துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைப் பூசிவிடாதீர்கள். அது உலராத எண்ணெய், தூசியைச் சேர்த்துக்கொண்டு சிக்கு நாற்றம் அடிக்கும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பற்றும். வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

கால்களின் அடிப்பாகத்தை மறக்காதீர்கள். நம் வீடுகளில் தினமும் தரை துடைக்கிறோம். அந்தத் தண்ணீரைக் காலின் வெட்டுமுகம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டீப்பாயைக் கவிழ்த்து அடிப்பாகத்தில் வார்னிஷ் மூன்று பூச்சு கொடுத்து, ரப்பர் புஷ் அடித்துவிடுங்கள். தரைக்கும் கீறல் விழாது.

முதல் வருடத்தில் பலகை விளிம்பு சட்டத்தை விட்டு அரை நூல் நகர்ந்திருந்தால் பதறி ஸ்க்ரூவை இறுக்க வேண்டாம், கொக்கிகள் தம் வேலையைச் செய்கின்றன என்று அர்த்தம். வருடத்துக்கு ஒரு முறை, புரட்டாசி கடைசியில் மழை தொடங்குமுன், பலகையைத் துடைத்து மேலும் கீழும் ஒரு கை எண்ணெய் பூசுங்கள். மேற்பக்கம் மட்டும் பூசி அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் பலகை வளையும்.